கட்டாரிலிருந்து வந்துவிட்டேன், ஈச்சிலம்பற்றில் மூன்று ஏக்கர் கிடக்கிறது: இறங்கலாமா?

உப்புவெளிப் பெடியன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. கட்டாரில் ஒன்பது வருடம் ஒரு களஞ்சியத்தில் வேலை. போன மார்கழியில் ஒரேயடியாக வந்துவிட்டேன். கையில் 19 லட்சம் இருக்கிறது, கடன் இல்லை. மனைவிக்குத் திருகோணமலை டவுனில் தனியார் கிளினிக் ஒன்றில் வேலை. மகள் முதலாம் ஆண்டு.

அப்பாவின் பெயரில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் பெர்மிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, இருக்கிறது. இரண்டு ஏக்கர் வயல், ஒரு ஏக்கர் மேட்டுக்காணி, அதற்குள் உடைந்த வீடு, ஒரு கிணறு. 2006 இல் ஓடினோம். முதலில் வாகரை, பிறகு மட்டக்களப்பில் முகாம். 2007 இல் ஊர்ச்சனம் திரும்பியபோது அப்பா திரும்பவில்லை. என் படிப்புக் குழம்பக் கூடாது என்று உப்புவெளியில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துவிட்டார். 2019 இல் அவர் போய்விட்டார். வயலை ஊரில் ஒருவர் குத்தகைக்குச் செய்தார், போகத்துக்குப் பதினைந்து மூடை தருவார். 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் விதைப்பெல்லாம் போனது. இனிச் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வளவு. இரவில் நாலு வீட்டில்தான் வெளிச்சம். மிச்ச வளவெல்லாம் நாயுண்ணிப் பற்றை. நான் பந்தடித்த இடத்தில் யானை இலத்தி கிடக்கிறது.

என் யோசனை இதுதான். குடும்பம் உப்புவெளியிலேயே இருக்கட்டும். நான் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன், ஒன்றரை மணி நேர ஓட்டம்தானே. வயலைக் கூலிக்கு ஆள் பிடித்துச் செய்வது, மேட்டில் சொட்டு நீர் போட்டு வத்தகையும் (தர்ப்பூசணி) மிளகாயும் வைப்பது. ஒரு பழைய லான்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) பார்த்து வைத்திருக்கிறேன். மனைவி ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறாள். மாமா இது பைத்தியக்காரத்தனம் என்கிறார். செய்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

உங்கள் மாமா பக்கம்தான் நானும். 2021 மேயில் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள். அந்த இடைவெளியில் விதைத்த என் பெரியப்பா அடுத்த பெரும்போகத்தில் பாதிகூட வெட்டவில்லை. அவருடைய பிழை என்ன? ஒன்றுமில்லை. வெயிலையும் மழையையும் கணக்குப் பார்க்கலாம், வர்த்தமானியைக் கணக்குப் பார்க்க முடியாது. காசை நிலையான வைப்பில் போட்டுவிட்டு டவுனில் ஒரு சின்னக் கடை பாருங்கள்.


தம்பலகாமத்துக் கமக்காரன்:

தம்பி, கடை போட்டவர்களும் 2022 நெருக்கடியில் பூட்டினார்கள். அதை விடுங்கள்.

எங்கள் வயல்வட்டைக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். 1986 சித்திரையில் அந்தக் கட்டு உடைந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடத்தோடு கமம் முடிந்தது என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது எனக்குப் பக்கத்து வயலில் விதைக்கிறார்கள். ஆகவே வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம். கடதாசிக்குப் பயப்படுங்கள்.

முதலில் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். நெற்காணிப் பதிவேட்டில் உங்கள் வயலுக்கு நேரே பயிர்செய்பவர் என்று யார் பெயர் இருக்கிறது? குத்தகைக்காரர் பெயர் இருந்தால் உர மானியம் அவர் கணக்குக்குத்தான் போகும். 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் போட்டார்கள், சின்னக் காசில்லை. வெள்ளத்தில் அழிந்ததற்கு நட்டஈடு எழுதும்போதும் அதே பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள். அவர் இனிச் செய்யமாட்டேன் என்று சொன்னதை எழுத்தில் வாங்கினீர்களா? 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் குத்தகைக் கமக்காரனுக்கும் உரிமை இருக்கிறது. வாய்ப்பேச்சை நம்பி இறங்கிப் பிறகு கோர்ட்டில் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

வயல் கணக்கும் சொல்கிறேன். என் கடைசிப் பெரும்போகத்தில் உழவு, விதை, உரம், மருந்து, வெட்டும் மெசின் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 98,000 போனது. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்தேன். பிஜி 300, மூன்று மாத நெல். இருபத்திரண்டு மூடை, கிட்டத்தட்ட 1,500 கிலோ வந்தது. 2025 மாசியில் நாடு ரக நெல்லுக்குக் கிலோ 120 என்று அரசாங்கம் விலை வைத்ததுதான், ஆனால் அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை எடுப்பதானால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காயவைக்கத் தளம் இல்லாதவன் வயலடியில் ஈர நெல்லைத் தனியாருக்குத்தான் கொடுப்பான். நானும் அப்படித்தான் கிலோ 100க்குக் கொடுத்தேன். மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கள், நாலு மாதத்தில் ஏக்கருக்கு அரை லட்சம். எங்கள் சொந்த வேலைக்குக் கூலி போடவில்லை, போட்டால் அழுகைதான் வரும்.

லான்ட்மாஸ்டர் இப்போது வேண்டாம். இரண்டு ஏக்கருக்கு வாடகைக்குப் பிடித்து உழுவதே மலிவு.


கச்சான்காரி:

தம்பி, நான் உங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளித்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதியதை வாசித்ததும் 2017 இல் நான் போட்ட திட்டத்தை யாரோ எடுத்துத் திரும்ப எழுதினதுபோல இருந்தது.

அப்போது நான் திருகோணமலையில் ஒரு புடவைக் கடையில் வேலை. இவர் மேசன். காணி என் அம்மாவுடையது. நாங்களும் டவுனில் இருந்துகொண்டே செய்யலாம் என்று தொடங்கினோம். வெள்ளி இரவு பஸ் ஏறிப் போவோம், ஞாயிறு பின்னேரம் திரும்புவோம். கையில் கிடந்த இரண்டு காப்பை அடகு வைத்து, ஒரு ஏக்கருக்கு 40 கிலோ கச்சான் (நிலக்கடலை) விதை வாங்கி ஊன்றினோம். மணல் தரை, நல்ல மழை, பூவும் நன்றாக விட்டது. ஜிப்சம்கூடப் போட்டோம். காவலுக்கு ஊரில் ஒரு ஐயாவைச் சம்பளத்துக்கு வைத்தோம். பிடுங்க இன்னும் பத்து நாள் இருக்கும்போது புதன்கிழமை இரவு பன்றி இறங்கியது. வியாழக்கிழமையும் இறங்கியது. நாங்கள் வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் லான்ட்மாஸ்டர் விட்டு உழுததுபோலக் கிடக்கிறது. ஐயாவை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுபது வயது மனுசன், இரண்டு இரவு தனியே தகரம் தட்டியிருக்கிறார், மூன்றாம் நாள் காய்ச்சல்.

அந்த ஞாயிறு திரும்பும்போது கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை இவர் ஒன்றும் பேசவில்லை. பாலம் தாண்டியதும், "வளவுக்குள் ஒரு அறை போடுவம்" என்றார். சண்டை பிடித்தேன். கடைசியில் போட்டோம். தகரக் கூரை, ஒரு அறை, ஒரு கக்கூஸ். கடை வேலையை விட்டேன்.

ஊரில் படுத்த பிறகுதான் கமம் என்ன என்று விளங்கியது. நாங்கள் வயலின் கடைமடை. பகலில் மேல் வயல்காரர் எடுத்தது போக, எங்களுக்குத் தண்ணீர் வருவது இரவு பதினொரு மணிக்குப் பிறகு. வரம்பில் தண்ணீர் வர வக்கடை வெட்டிவிட்டு ஆள் நிற்க வேண்டும், அரை மணித்தியாலம் அசந்தால் வேறு யாரோ மறித்துவிடுவார்கள். கூலிக்கு வந்தவர் நாலு மணிக்குப் போய்விடுவார். யானையும் ஆறு மணிக்கு முன்னால் வருவதில்லை. மாடு வருவது விடியப்புறம். இந்தத் தொழிலில் பாதி வேலை இருட்டில்தான். அதற்கு உப்புவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர முடியாது.

காவல் கணக்கைக் கேளுங்கள். நாங்கள் வந்தபோது அந்த மூலையில் இரண்டு வீடுதான். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் பரணில் முழிப்பு. பெரும்போகத்துக் கடைசி ஒரு மாதத்தில் இவர் எட்டுக் கிலோ இளைத்தார். 2019 இல் இன்னும் இரண்டு குடும்பம் வந்தது, நாலு நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. 2022 இல் டவுனில் வேலை போய், காஸும் இல்லை, பெற்றோலும் இல்லை என்று இரண்டு பெடியன்கள் பெற்றோருடைய வளவுக்கே வந்தார்கள். இப்போது ஆறு வீடு, ஆறு நாளுக்கு ஒரு இரவு. நித்திரை கொள்ளத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் பயிரைக் கூட்டினோம். அதற்கு முன்னால் ஒரு ஏக்கருக்கு மேல் காவல் காக்கவே தெம்பில்லை.

யானை மின்வேலியும் அப்படித்தான். கம்பி போட்டுத் தந்தார்கள், நல்லது. ஆனால் கம்பிக்குக் கீழே புல் வளர்ந்து முட்டினால் மின் நிலத்துக்குள் இறங்கிவிடும், வேலி செத்துப்போகும். மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெட்ட வேண்டும். ஆளில்லாத வளவுக்கு முன்னால் கிடக்கிற கம்பியை யார் வெட்டுவது? யானைக்கு அந்த இடம் தெரியும். கோபிக்காதீர்கள் தம்பி, உங்கள் அப்பாவுடைய வளவு போல மூடிக் கிடக்கிற வளவுக்குள்ளால்தான் அது எங்களிடம் வருகிறது.

ஆகவே என் பதில்: குடும்பத்தோடு வந்து படுக்க முடியுமானால் செய்யுங்கள். முடியாதென்றால் நல்ல குத்தகைக்காரர் ஒருவரைத் தேடுங்கள், அதில் வெட்கமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் போன வருடம் முதலாம் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகள். ரீச்சர்மார் மாற்றம் கேட்கும்போது எங்களுக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் மகள் ஆறாவது என்று நான் ஆசைப்படுவது சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன். மனைவியின் வேலையையும் நினைக்க வேண்டும். மூதூரில் ஆஸ்பத்திரியும் மருந்துக் கடைகளும் இருக்கின்றன, விசாரியுங்கள்.

காசு விஷயம். முதலில் கிணறு. வெள்ளத் தண்ணீர் விழுந்த கிணற்றை மூன்று தரமாவது முழுதாக இறைத்து, சேற்றை வாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போட வேண்டும். பிறகு கக்கூஸ், அறை. இதற்கே நாலு ஐந்து லட்சம் போகும். வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வேண்டியதைத் தனியே வைத்துத் தொடாதீர்கள். முதல் போகத்துக்கு ஒரு ஏக்கர், இரண்டு லட்சத்துக்கு மேல் இல்லை.

வத்தகை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது எல்லோருக்கும் ஒரே கிழமையில் பழுக்கும். லொறிக்காரர் சொல்வதுதான் விலை. தம்புள்ளை வரைக்கும் கொண்டுபோனால் டீசல் காசைத்தான் வித்துவிட்டு வருவீர்கள். கச்சான் அப்படியில்லை, காயவைத்துச் சாக்கில் கட்டினால் காத்திருக்கும். சிறுபோகத்துக் கச்சான் ஆடியில் பிடுங்கினால் வெருகல் முருகன் திருவிழா வந்துவிடும். அவித்தும் வறுத்தும் சின்னப் பொட்டலமாக விற்றால் வியாபாரி தருவதைப்போல இரண்டு மடங்கு கையில் நிற்கும். நானும் மகளும் போன வருடம் கோயிலடியில் ஆறு இரவு இருந்தோம். மகளுக்குச் சைக்கிள் அந்தக் காசுதான்.

இன்னொன்று. பெர்மிற் அப்பாவின் பெயரில் என்றீர்கள். இப்போது அனுபவிக்கிற உரிமை அம்மாவுக்கு, ஆனால் அவவால் அதை விற்கவோ புதிதாக ஒருவருடைய பெயரைப் போடவோ முடியாது. அப்பா யாரைப் பின்னுரிமையாளர் என்று பதிந்திருக்கிறார்? பதியாவிட்டால் முன்பெல்லாம் மூத்த மகனுக்குத்தான் போகும். 2022 இல் அந்தக் காணிச் சட்டத்தைத் திருத்தினார்கள், இப்போது பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. உங்களுக்கு மூத்த சகோதரம் யாரும் உண்டா? வீடு கட்டமுன் அதைக் கதைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைக் கதைக்காமல் விட்டு, என் தம்பியோடு இரண்டு வருடம் பேச்சில்லாமல் இருந்தேன்.


கிண்ணியா மாட்டுக்காரன்:

ராத்தா எழுதினது எல்லாம் சரி. மாட்டைப் பன்றியோடும் யானையோடும் சேர்த்ததுதான் கொஞ்சம் நோகுது.

வாப்பா காலத்தில் விதைப்புத் தொடங்கினால் பட்டியைச் சாய்த்துக்கொண்டு போக மேய்ச்சல் தரை இருந்தது. இப்போது பாதி வயலாகிவிட்டது, பாதிக்குள் போனால் காட்டிலாகா பிடிக்கிறது. எருமை பட்டினி கிடந்தால் தயிரும் இல்லை, எங்களுக்குச் சோறும் இல்லை. விதைப்புக் கூட்டத்தில் மாடு அகற்றும் திகதி போடும்போது எங்களையும் கூப்பிடச் சொல்லுங்கள். பல இடத்தில் முடிவெடுத்த பிறகுதான் எங்களுக்குக் கடதாசி வரும்.

தம்பிக்கு ஒரு யோசனை. உங்கள் மேட்டுக்காணி எத்தனையோ வருடம் தரிசு. அறுவடை முடிந்து விதைப்புக்கு முன் பத்து நாள் அங்கே பட்டி அடைக்க விடுங்கள். எருவுக்குக் காசு வேண்டாம், வைக்கோலும் தண்ணீரும் தந்தால் போதும். 2021 இல் உரம் இல்லாதபோது சாணத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. பிறகு உரம் வந்ததும் ஆளைக் காணவில்லை.


கச்சான்காரி:

நானா, அது என் பிழைதான். மாட்டையும் யானையையும் ஒரே வரியில் எழுதியிருக்கக் கூடாது. உங்கள் ஆள் ஒருவர் எங்கள் பக்கம் பட்டி அடைப்பாரா? எனக்கும் அரை ஏக்கர் இருக்கிறது. வைக்கோல் தருவேன்.


உப்புவெளிப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமையாக இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் பொலித்தீன் பையில் பெர்மிற் இருந்தது. பின்னுரிமையாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். அப்பா எங்களுக்குச் சொல்லவே இல்லை. அக்கா மட்டக்களப்பில் கல்யாணம் கட்டியிருக்கிறா. ஒரு பகல் முழுக்க எனக்கு என்னவோ போல இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒன்பது வருடம் கட்டாரில் நின்று சேர்த்த காசை அக்காவுடைய காணியில் கொட்டவா என்று நினைத்தேன். மனைவிதான் போனைக் கையில் தந்தாள்.

அக்காவுக்கும் தெரியாதாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிணற்றடி மாமரம் நிற்குதா?" என்று கேட்டா. நிற்கிறது என்றேன். "நீ செய், வயலில் எனக்கு வருடத்துக்கு ஐந்து மூடை தா, மேட்டில் ஒரு மூலையில் எனக்கு ஒரு அறை போட இடம் விடு" என்றா. திங்கட்கிழமை மூன்று பேரும் வெருகல் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம், காணிப் பிரிவில் கேட்க. கமநல நிலையத்துக்கும் போனேன் அண்ணா, நீங்கள் சொன்னபடியே குத்தகைக்காரரின் பெயர்தான் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அதற்கு முன் வெள்ள நட்டஈடு அவருக்கே வரட்டும் என்கிறார். விதைத்தது அவர்தானே, சரி என்றேன்.

மனைவிக்கு இன்னும் மனமில்லை. மூதூரில் விசாரிக்கிறாள். இந்த வருடம் மகள் உப்புவெளிப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும், நான் மட்டும் போய்ப் படுக்கிறேன் என்று முடிவு. அரைகுறை முடிவுதான் கச்சான் அக்கா, திட்டாதீர்கள். லான்ட்மாஸ்டர்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கேள்வி. கிணறு இறைக்க உங்கள் பக்கம் தண்ணீர் மோட்டார் வாடகைக்குக் கிடைக்குமா? வயலின் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஆற்று மணல் ஏறிக் கிடக்கிறது, அதை என்ன செய்வது?


தம்பலகாமத்துக் கமக்காரன்:

மணலை உங்கள் எண்ணத்துக்கு லொறியில் ஏற்றிவிடாதீர்கள், வழியில் பொலிஸ் பிடிக்கும். ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். செயலகத்துக்குப் போகும் அன்றே கிராம சேவகரின் கடிதத்தோடு அதையும் கேளுங்கள். பெயரை மாற்றாமல் நட்டஈட்டை அவருக்கு விட்டது நல்ல காரியம். அவர் நாளைக்கு உங்களுக்கு வரம்பு காட்டுவார்.


கச்சான்காரி:

திட்டமாட்டேன். நானே ஒரு வருடம் வெள்ளிக்கிழமைக்காரிதானே.

மோட்டார் எங்களிடம் இருக்கிறது, வாடகை வேண்டாம், மண்ணெண்ணெய் கொண்டு வாருங்கள். அடுத்த சனிக்கிழமை உங்கள் பக்கத்துக் கம்பியில் புல் வெட்டுகிற நாள், காலை ஆறரைக்கு. உங்கள் வளவுக்கு முன்னால் மட்டும் நூறு மீற்றர் இருக்கும். கத்தி உங்களுடையது, தேத்தண்ணி எங்களுடையது. உள்ளங்கை தேயும், பழைய துணி ஒன்று சுற்றிக்கொள்ளுங்கள்.